அக்கா எழுந்திருக்கவில்லை

1
இந்தக் கதை என் அக்கா ரயிலில் சொன்ன ஒற்றைச் சொல்லில் பிறந்தது. “மாட்டேங்க.” கேட்டதிலிருந்து பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் எதைக் கேட்டாலும் “எடுத்துக்கோ” என்று கொடுத்துவிடுகிறவள் அவள்.

2
ஜன்னலோரம் ஒரு பெண் சோகமாக—
(வேண்டாம். வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாளாம்.)

மறுபடி: அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. வெளியே மழை பெய்வதை, உள்ளே வரும் நோயாளியின் நனைந்த தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அதனால் ஜன்னலோர சீட்டு கிடைக்காவிட்டால் பயணத்தையே தள்ளிப்போடுவாள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு குழந்தை வந்து சேரும், இவளும் எழுந்துவிடுவாள்.

3
இந்த முறை வந்து கேட்டது ஒரு குழந்தையின் அம்மா. “பாப்பா ஜன்னல் கேக்குறா. கொஞ்சம் மாறி உக்காருங்களேன்.”

“மாட்டேங்க. எனக்கும் வேடிக்கை பாக்கணும்.”

பாப்பா அழ ஆரம்பித்தது. பெட்டியே அக்காவை முறைத்தது. எதிரே இருந்த பெரியவர், “சின்னக் குழந்தைம்மா, விட்டுக்கொடுக்கக் கூடாதா?” என்றார். (அவரும் ஜன்னலோரம்தான்.)

இங்கே எனக்குப் பயம் வந்துவிட்டது. நீங்கள் அவளைக் கரித்துக்கொட்டுவீர்களே என்று, ‘மனமிரங்கிய அக்கா மெல்ல எழுந்து—’ என்று எழுதினேன். பின்னால் நின்று படித்தவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

“நான் எங்கடா எந்திரிச்சேன்?”

“குழந்தை அழுதுச்சேக்கா.”

“எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் எந்திரிக்கல. அத எழுது.”

“மடியில வச்சுக்கிட்டதா எழுதட்டுமா?”

“அப்புறம் நான் அதோட பின்னந்தலையவா வேடிக்கை பாக்கிறது?”

4
(நிற்க முடியாத குழந்தைக்கு இடம் தருவது கடமை, ஆசைப்படும் குழந்தைக்குத் தருவது தயவு. தயவைக் கேட்கலாம், முறைத்து வாங்க— போதும். அவள் ஒரு சொல்லில் முடித்ததை நான் ஏன் இழுக்கிறேன்?)

5
பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்ததாம்.

“பெரியவங்களுக்கும் ஜன்னல் பிடிக்குமா?”

“ரொம்பப் பிடிக்கும்.”

அது தன் அம்மாவிடம் திரும்பியது. “உனக்குமாம்மா?”

அந்த அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன். “யாருக்குத் தெரியும்? நான் வெளிய பாத்துட்டிருந்தேன்” என்றாள் அக்கா.

ஆகவே முடிவு உங்கள் கையில். அம்மாவைப் பேச வையுங்கள், பாப்பாவைச் சிரிக்க வையுங்கள், ரயிலை எங்கே வேண்டுமானாலும் நிறுத்துங்கள். என் அக்காவை மட்டும் எழுப்பாதீர்கள்.