பக்கத்து இருக்கை பிரேக்

அண்ணன் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தனக்காகத்தான் என்று அவள் நினைத்தாள். ஏழு வருடமாகப் பேசாத அண்ணன், தங்கை நாட்டை விட்டுப் போகிறாளே என்று நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறான் என்று ஒரு நிமிடம், சரியாக ஒரு நிமிடம், அவள் சந்தோஷமாக இருந்தாள். வண்டியைக் கேட்டை ஒட்டி நிறுத்திவிட்டு, கண்ணாடியில் முகத்தைப் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

பிறகுதான் யாரும் சிரிக்கவில்லை என்பது தெரிந்தது. பின் இருக்கையிலிருந்து அவளுடைய தங்கை இறங்கி, அவளுக்கு முன்பாகவே ஓடினாள். ஓடும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். நான்கு மணி நேரம் வாயைத் திறக்காமல் வந்தவள்.

கூடத்தில் கண்ணாடி மூடிய குளிர்பெட்டி. உள்ளே அண்ணன். அவன் சட்டையில் மேல் பொத்தான் போட்டிருந்தது. அவன் எப்போதும் அதைப் போடமாட்டான், கழுத்தை நெரிக்கிறது என்பான். அவளுக்கு அது மட்டும்தான் கண்ணில் பட்டது. அதைக் கழற்றிவிட வேண்டும் போலிருந்தது.

"எப்போ?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டோம் என்று தெரியவில்லை.

"இன்னிக்கு விடியக்காலையில," என்றாள் அண்ணி. "நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில சேர்த்து மூணு நாளாச்சு."

மூன்று நாள். அவள் விரல் விட்டு எண்ணினாள். எண்ணத் தெரியாதவள் போல மறுபடியும் எண்ணினாள். வெளிநாடு போகும் முன் சொந்தங்களிடம் விடைபெறக் கிளம்பிய பயணத்தில், மூன்று நாளுக்கு முன்னால் அவள் சித்தி வீட்டில் இருந்தாள். அன்று மாலை கணவருக்கு ஒரு போன் வந்தது. மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். தபால் ஆபீஸில் தன்னோடு வேலை பார்த்தவர் என்றார். மறுநாள் பொழுது விடிந்ததும் சித்தி அவர்களைக் கிளப்புவதிலேயே குறியாக இருந்தாள்.

"வந்து ஒரு நாள்தானே ஆகுது, அதுக்குள்ள விரட்டுறீங்களே சித்தி?"

"விரட்டலடி. அண்ணனைப் பார்க்க வேண்டாமா? வழியில எங்கேயும் நிக்காம நேரா போ."

அதைக் கேட்டு அவளுக்குக் கோபம்தான் வந்தது. வயதானால் விருந்தாளி பாரமாகிவிடுகிறார் என்று வண்டியில் வரும்போது கணவரிடம் சொல்லிக் குறைபட்டுக்கொண்டாள். அவர் "ம்" என்றார்.

அண்ணன் ஊருக்குப் பிரியும் சாலை நடுவிலேயே வந்தது. வரைபடத்தைப் பார்த்தால் சித்தி வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் இடையில்தான் அண்ணன் வீடு. வழி ஒத்துவராது என்று ஏதோ காரணம் சொல்லி, அவனைக் கடைசியில் வைத்தவள் அவள்தான். பயம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மீதிப் பயணம் முழுக்க அந்த முகத்தோடு ஓட்ட வேண்டும் என்ற பயம்.

அந்தப் பிரிவில்தான் வண்டி சட்டென்று நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அலற விட்டான்.

அது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டி. பத்தொன்பது வருடமாக அதுதான் அவள் தொழில். குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் 'டீச்சர்'. பக்கத்தில் உட்காரும் ஆசிரியருக்காக அந்த இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாத கணவர், இந்தப் பயணத்தில் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் புறப்படும்போதே, "டீச்சர், பாதி அதிகாரம் என் காலடியில இருக்கு," என்று வம்பிழுத்திருந்தார்.

"அதுல கால் வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"இப்படியே திரும்பிடலாமா? உங்க அண்ணனை முதல்ல பார்த்துடலாமே."

"தங்கச்சி சமைச்சு வச்சுக்கிட்டுக் காத்திருப்பா. காலை எடுங்க."

அவர் காலை எடுத்தார். அவள் நேராக ஓட்டிப் போனாள்.

தங்கையும் அன்று மாலையே, "நாளைக்கே கிளம்பிடலாமாக்கா, நானும் வர்றேன்," என்றாள். இவள்தான் இன்னும் ஒரு நாள் இருக்கிறேன் என்று சொல்லி, தங்கையின் அலமாரியை ஒழுங்குபடுத்திக் கொடுத்தாள். பழைய போட்டோக்களை எடுத்து வைத்துச் சிரித்தாள். தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். சளி என்றாள். சுக்கு தட்டிப் போட்டுக் குடி என்று அவள் வைத்தியம் வேறு சொன்னாள்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவள் சிரித்த ஒவ்வொரு சிரிப்பையும் இவர்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஏன் யாருமே சொல்லல?" என்றாள்.

கேட்டதுமே பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான்.

ஏழு வருடத்துக்கு முன்பு அம்மா போனபோது, அண்ணனுக்குப் போன் போட்டவள் அவள். லாரி ஓட்டுகிறவன் அப்போது எங்கே இருப்பான் என்று யோசிக்கவில்லை. அவன் "ஹலோ" என்றதும், "அம்மா போயிட்டாங்கண்ணா," என்றாள். அடுத்து அவள் கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பாலத்தின் சுவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டான். அவள் போன் செய்தால் அண்ணியிடம் நீட்டிவிடுவான்.

அதற்குப் பிறகு அவள் எல்லோரிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்தாள்: வண்டி ஓட்டுகிறவர்களிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. பயணம் முடிந்து கடைசியாக இறங்கிய பிறகுதான் சொல்ல வேண்டும். யாராவது மீறினால் அவர்கள் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்றாள். டீச்சர் சொன்னால் சொன்னதுதான்.

அண்ணி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நான் உனக்கே சொல்லிடலாம்னுதான் போனைக் கையில எடுத்தேன். அவர்தான் வேண்டாம்னாரு. 'அவ ஓட்டிக்கிட்டு இருப்பா, பதறிடுவா. வரட்டும், நானே பேசிக்கிறேன்'னாரு."

"பேசிக்கிறேன்னா சொன்னான்?"

"ஆமா. ரெண்டு தடவை சொன்னாரு."

என்ன பேசியிருப்பான்? திட்டியிருப்பானா? ஏழு வருடத்தையும் ஒரே மூச்சில் கேட்டிருப்பானா? அல்லது சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டிருப்பானா? அவள் கண்ணாடிக்குள் பார்த்தாள். மேல் பொத்தான் அப்படியே இருந்தது.

யாரோ வந்து, கேட்டை மறித்து நிற்கும் வண்டியை எடுக்க வேண்டும் என்றார்கள். அவள் எழுந்து போனாள். வேலை என்றால் உடம்பு தானாக எழுந்துவிடுகிறது. ஆனால் இருக்கையில் உட்கார்ந்ததும் எந்தக் காலை எதில் வைப்பது என்று தெரியவில்லை. ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தெரியவில்லை.

கிளட்ச் இல்லாத வண்டி அது. ஓட்ட வலது கால் ஒன்று போதும். இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் அதை வாங்கியபோது, புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்குச் சுலபம் என்று எல்லோரிடமும் சொன்னாள். இன்று சாவியை அண்ணன் கையில் கொடுத்து, அவனை ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்து இருக்கையில் தான் உட்கார்ந்துகொள்வதாக இருந்தாள். வெளிநாட்டுக்குப் போகும் முன் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கால்களைப் பிரேக்கில் படாமல் மடக்கி வைத்துக்கொண்டார்.

"அந்தப் பிரிவுலயே சொல்லியிருக்கணும்," என்றார். "நீ போட்ட சட்டத்தை மீறப் பயந்துட்டேன்."

"உங்க காலடியிலதானே பிரேக் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"நிறுத்தியும் விட்டீங்க. நின்ன வண்டியில சொல்றதுக்கு என்ன?"

அவளுக்கே அந்தக் கேள்வி அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது. ஏழு வருடமாக, இத்தனை பேரில் ஒருவருக்குமா தோன்றவில்லை? சொல்லாமல் இருப்பது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அவள் போனில் முதலில் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி.

மடியிலிருந்த போன் அடித்தது. மகள்.

"அம்மா, மாமா வீட்டுக்குப் போயிட்டீங்களா? பேசினாரா?" பின்னணியில் காற்று இரைச்சல்.

கணவர் வேண்டாம் என்று கை காட்டினார். அவள் அவர் கையைப் பார்த்தாள்.

"ஓட்டிக்கிட்டு இருக்கியா?"

"ஆமாம்மா, ஆபீஸ் போறேன். ஏன்?"

"ஓரமா நிறுத்து."

"என்னாச்சும்மா?"

"முதல்ல நிறுத்து. நான் போனை வைக்கல, இருக்கேன். கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, மெதுவா ஓரம் கட்டு."

மறுமுனையில் சிக்னல் விளக்கின் டிக் டிக் சத்தம் கேட்டது. காற்றின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நின்றது.

"நிறுத்திட்டேம்மா."

"ஹேண்ட்பிரேக்?"

"போட்டுட்டேன். சொல்லு."

அவள் சொன்னாள்.