மூடி சரியாகப் பொருந்திய நாள்

என் கொழுந்தன் லவெல் பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்தால் தெரு நாய்கூட வேலி தாண்டி ஓடிவிடும். அன்று ஓட முடியாமல் நின்றது என் கணவன் ரோஸ்கோ மூடி போட்டுக் கறி சுடும் கரி அடுப்புதான். வண்டிக்கும் கராஜ் சுவருக்கும் நடுவே நசுங்கி, வட்டமாக இருந்தது முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. மூடியை வைத்தால் ஒரு பக்கம் உள்ளே விழுந்தது, மறுபக்கம் மேலே எழும்பி நின்றது.

"கண்ணாடில தெரியவே இல்ல, அண்ணி."

"உனக்கு என்னைக்குடா தெரிஞ்சிருக்கு? அறுபது வயசாச்சு, இன்னும் பின்னாடி பாக்கத் தெரியல!"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ரோஸ்கோ உள்ளே படுத்திருந்தான். தொண்டைக் கட்டிக்கு மருந்து ஏற்றியதிலிருந்து எதை வாயில் வைத்தாலும் தகரத்தை நக்குவது போல இருக்கிறதாம். சூப், முட்டை, மக்ரோனி எல்லாம் போன தட்டிலேயே திரும்பி வந்தன. இன்னும் சாப்பிடாவிட்டால் வயிற்றில் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவனுடைய அடுப்பிலேயே பன்றித் தோள்கறியைச் சுட்டுக் கொடுத்தால் ஒரு வாயாவது இறங்காதா என்ற நப்பாசையில்தான் லவெலைக் கரி வாங்கி வரச் சொன்னேன். கரி வந்தது, அடுப்பு போனது.

எங்கள் செயின்ட் லூயிஸில் மே மாதக் கடைசி விடுமுறை வந்துவிட்டால் தெருவே புகைந்துகொண்டிருக்கும். ரோஸ்கோ ரேடியோவில் பேஸ்பால் வர்ணனையை அலறவிட்டு, பனியனோடு அடுப்புக்குக் காவல் நிற்பான். "மூடியத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்" என்று பாஸ்டரிடமே சொல்லியிருக்கிறான். அவன் அடுப்பில் புகை எப்போதும் மூடியின் ஒரே ஓரத்திலிருந்துதான் வரும். அந்த ஓரத்தை வேண்டுமென்றே பக்கத்து வீட்டு ப்ரூயிட்டின் ஜன்னலுக்கு நேராகத் திருப்பி வைப்பான். கொஞ்ச நேரத்தில் ப்ரூயிட் தட்டோடு வந்து நிற்பார். "என்னப்பா, வீட்ல சமைக்கலையா?" என்று ரோஸ்கோ ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்பான்.

லவெல் சுத்தியலை எடுத்து வந்தான்.

"அதக் கீழ போடு. எனாமல் பேந்துச்சுன்னா உன் மண்டையும் பேந்துரும்."

வண்டியில் சாமான் கட்டும் பட்டையை அடுப்பின் வயிற்றைச் சுற்றிப் போட்டோம். நீண்டுபோன இரண்டு பக்கமும் கட்டைத் துண்டு வைத்து, பட்டையின் பிடியை அவன் டக் டக்கென்று முறுக்கினான். வட்டமானது. தளர்த்தினோம், தகரம் பழையபடி விரிந்துகொண்டது. அதனால் வட்டத்தையும் தாண்டி இறுக்கி, அப்படியே விட்டுவைத்து, பிறகு தளர்த்தினோம். மூடியின் விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து வைத்துப் பார்ப்பது, எங்கே உரசுகிறதோ அங்கே கட்டையை நகர்த்தி மறுபடி இறுக்குவது. அந்த மதியமே இதில் போயிற்று, என் இடுப்பும் போயிற்று. கடைசியில் மூடி 'டப்' என்று உட்கார்ந்தது. ஒரு காகிதம் நுழைய இடமில்லை. லவெல் ஒரு ஆட்டமே போட்டான்.

கரியைப் பற்றவைத்து, கறியை அடுக்கி மூடினேன். கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் கரி கறுத்துக் கிடக்கிறது, கறி வெளிறிக் கிடக்கிறது. மறுபடி மூட்டினோம், மறுபடி அணைந்தது. லவெலைத் திட்டினேன், கரியைத் திட்டினேன், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதுவும் இல்லையென்றால் ரோஸ்கோவுக்குக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

பின்கதவு படாரென்று திறந்தது. ரோஸ்கோ! ஒரு கையால் நழுவும் பைஜாமாவையும் மறுகையால் சுவரையும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அடியே ஏர்லீன், என் அடுப்ப என்ன பண்ணுனீங்க? பொகையே வரல?"

"சரி பண்ணிருக்கோம். மூடி எப்படி பொருந்துது பாரு."

"யார் பொருந்தச் சொன்னா? அது என்னைக்குப் பொருந்துச்சு? வாங்கிட்டு வந்த அன்னைக்கே வண்டிலேர்ந்து விழுந்து ஓரம் கோணிருச்சு. அடில இருக்கிற காத்து ஓட்டை துருப்பிடிச்சு அடைஞ்சு எத்தன வருஷமாச்சு! அந்தக் கோணல் வழியாத்தான் அது மூச்சு விட்டுச்சு."

அடக் கடவுளே!

"இத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?" என்றான் லவெல்.

"நீதான் முன்னாடியும் பாக்க மாட்ட, பின்னாடியும் பாக்க மாட்டியேடா."

என் கையிலிருந்த நீளக் கரண்டியைப் பிடுங்கினான். புதிதாகக் கரி மூட்டச் சொல்லி, மூடியை வைத்து, அதன் ஓரத்தில் கரண்டிக் காம்பைச் செருகினான். நாங்கள் இடுப்பொடியச் சேர்த்த இடத்தில் அழகாக ஒரு சந்து! புகை வந்தது. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டு எங்கள் இருவரையும் மூடிப் பக்கம் வரவிடவில்லை. நாள் கணக்காகக் கட்டிலைவிட்டு இறங்காதவன், கறி பதமாகும்வரை எழுந்து எழுந்து சாஸ் பூசினான்.

ஒரு துண்டைப் பொடியாக நறுக்கிக் கொடுத்தேன். மேஜையைத் துடைக்கிற சாக்கில் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றான், ரொம்ப நேரம் மென்றான். விழுங்கினான். முகம் சுளித்தான். போச்சு, மறுபடி தகரம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏர்லீன்."

"என்ன?"

"உப்பு கம்மி."

இத்தனை வருஷத்தில் என் சமையலைக் குறை சொன்ன யாரையும் நான் சும்மா விட்டதில்லை.

"இன்னொரு தடவ சொல்லு."

"காது கேக்கலையா? உப்பு கம்மின்னேன். கொண்டா, ஆறிரும்."

உப்பு எடுக்கச் சமையலறைக்கு ஓடினேன். கண்ணெல்லாம் தண்ணீர், எதிரில் இருந்த ஜாடி எனக்குத் தெரியவில்லை.