நேர்ந்த முடி

சாமிக்கு நேர்ந்துவிட்ட முடியைத் தரையில் விடக்கூடாது என்பது முனியம்மாவின் சட்டம். மலையில் மற்ற வீடுகளிலும் அப்படித்தானா என்று யாரும் போய் விசாரித்ததில்லை. மகன் தலை வாரும்போது சீப்பில் வருவது, தலையணையில் கிடப்பது, குளித்த இடத்தில் சுருண்டு கிடப்பது என்று எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு மஞ்சள் பையில் போட்டு உத்திரத்தில் மாட்டி வைத்திருந்தாள். முதலில் அந்தப் பை காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்துக்குள் தலையணை மாதிரி உப்பிவிட்டது.

மகன் பெயர் இளவரசன். குட்டியானை என்று ஊரே கூப்பிடும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். மலைமேல் விளையும் சாமையையும் புளியையும் ஏற்றிக்கொண்டு ஆலங்காயத்துக்கு இறங்குவான், மளிகையும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மேலே வருவான். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் அவன் பெண்டாட்டி செவ்வந்திக்கு வயிறு திறக்கவில்லை. அப்போதுதான் முனியம்மா வேடியப்பன் கல்லுக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டாள். "ஆணோ பொண்ணோ, ஒரு உசிரு பொறக்கட்டும் சாமி. எம்புள்ள தலமுடிய ஒனக்கு எறக்குறேன். அதுவரைக்கும் அவன் தலையில கத்தி படாது."

யார் தலைக்கு யார் வேண்டிக்கொள்வது என்று கேட்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. இளவரசன் முடி வளர்த்தான். தோள்வரை வந்ததும் ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டை கட்டினான். வண்டியில் ஏறுகிற பெண்கள் "இன்னாண்ணா, பூ வாங்கித் தரட்டா" என்று கேலி பேசினார்கள். அவனும் சிரித்தான். குழந்தைக்காக வளர்க்கிற முடி என்பதால் கேலிகூட அவனுக்கு இனித்தது.

இனிப்பு ஒரு வருஷம்தான். அப்புறம் உச்சியில் கொட்ட ஆரம்பித்தது. பக்கவாட்டில் ஆள் உயரக் கோரை, நடுவில் கட்டாந்தரை. அவன் தாய்மாமனுக்கும் இப்படித்தான், முப்பது வயதில் உச்சி வெளுத்தது. ஆனால் அவர் முடி சாதாரண முடி. இது சாமி முடி அல்லவா.

"வேடியப்பன் வாணாம்னு தள்றான்" என்றாள் முனியம்மா, பையில் இன்னொரு சுருளைத் திணித்தபடி. இரண்டு நாள் கழித்து அதற்குக் காரணமும் கண்டுபிடித்தாள். "யார் கை பட்டு கொட்டுதோ. இனிமே நீ அவன் தலைய தொடாத." இது செவ்வந்திக்குச் சொன்னது. செவ்வந்தி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அதோடு விடவில்லை. தலையில் முடி இருக்கும்போதே ஒரு வழி பார்க்க வேண்டும், முடியெல்லாம் போனபிறகு பிள்ளை பிறந்து என்னத்தை இறக்குவது, இவளுக்கு இல்லையென்றால் வேறு ஒருத்திக்காவது பிறக்கட்டும் என்று அடுப்படியில் தனக்குத்தானே பேசுவதுபோல் எல்லோருக்கும் கேட்கப் பேசினாள். இளவரசனுக்குத் தெரியும், அம்மா சொன்னதைச் செய்கிறவள். அவளை எதிர்த்துப் பேசியும் அவனுக்குப் பழக்கமில்லை. முடி தலையில் நின்றால் செவ்வந்தியும் வீட்டில் நிற்பாள் என்று அவனாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். பெண்டாட்டிக்காக அவன் செய்த காரியம் அது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். ஆம்பிளை முடிக்கு மருந்து தின்கிறான் என்று சொல்ல வெட்கம்.

ஆலங்காயத்தில் மருந்துக்கடை வைத்திருந்த அருள் அவனுக்குப் பழக்கம். டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. மாத்திரை ஒன்று, தலையில் தடவ ஒரு பாட்டில். "மொதல்ல கொஞ்சம் கொட்டும்ணா, பயப்படாத. கொட்டிட்டுத்தான் மொளைக்கும்" என்றான்.

கொட்டுவது என்றால் அப்படிக் கொட்டியது. சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது. ஸ்டியரிங்கில், சாப்பாட்டில், சட்டைக் காலரில் எங்கும் முடி. முளைப்பதைத்தான் காணோம். மாதங்கள் போயின. வயலுக்கு ஒரு மூட்டை உரம் பத்தாவிட்டால் இரண்டு மூட்டை போடுகிற கை அவனுடையது. யாரையும் கேட்காமல் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று போட ஆரம்பித்தான். பாட்டிலையும் சொன்னதற்கு மேலே தடவினான். மாத்திரைப் பட்டையும் பாட்டிலும் வண்டியில் டூல்ஸ் பெட்டிக்குள் ஸ்பேனருக்கு அடியில் இருக்கும். தீரத் தீர ஆலங்காயம் போய் வாங்கிக்கொள்வான், லோடு இல்லாத நாளிலும்.

முதலில் நெஞ்சு படபடத்தது. கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினான். அப்புறம் ஒரு சோர்வு வந்து உட்கார்ந்தது. முன்பு இரண்டு மூட்டையை முதுகில் ஏற்றியவன், ஒரு மூட்டைக்கே குந்திவிட்டான். எதைப் பார்த்தாலும் ஆசை வரவில்லை. கறிக்குழம்பும் ஒன்றுதான், கஞ்சியும் ஒன்றுதான். செவ்வந்தி பக்கத்தில் படுத்தால் முன்பெல்லாம் அவள் வளையல் சத்தத்துக்கே திரும்புகிறவன், இப்போது அவள் தொட்டால் தூங்குகிற மாதிரி கிடந்தான். உடம்பு அவனுடையதாகவே இல்லை. பிறகு மார்பில் ஒரு பக்கம் தடித்து, துணி பட்டாலே வலித்தது. அதைப் பார்த்துவிடுவாளோ என்று சட்டையோடு படுக்கத் தொடங்கினான். இத்தனைக்கும் காரணம் மாத்திரை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வேடியப்பன் கோபம் தலையிலிருந்து உடம்புக்கு இறங்கிவிட்டது என்று நம்பினான். அந்தக் கோபத்தைத் தணிக்க முடி வேண்டும், முடிக்கு மாத்திரை வேண்டும். விடாமல் விழுங்கினான், பாவி.

செவ்வந்தி அந்த ஒரு வருஷமும் சும்மா இருக்கவில்லை. சந்தவாசல் பக்கத்து வைத்தியர் ஒருவர் கொடுத்த கசப்புக் கஷாயத்தை வெறும் வயிற்றில் குடித்தாள். வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தாள். கருத்துப்போனாள். புருஷன் திரும்பிக்கூடப் பார்க்காதபோது கஷாயம் குடித்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் மாமியார் கண்ணெதிரே குடித்தாக வேண்டியிருந்தது.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "எம்மேல இன்னா மாமா கோவம் ஒனக்கு?"

"கோவமெல்லாம் ஒன்னுமில்ல."

"ஆலங்காயத்துல இன்னா வேல? லோடு இல்லாத நாள்லயும் போற."

"வண்டி வேலமே. ஒனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்."

அவள் அவன் தலைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்தாள். ஸ்பிரிட்டும் செண்ட்டும் கலந்த மாதிரி ஒரு வாசனை. பாயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் படுத்தாள். பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. முனியம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "போனா போறா, நல்லதாப் போச்சி" என்றாள். இளவரசன் போய்க் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டு வந்து என்ன செய்வது? பக்கத்தில் படுக்க வைத்து மறுபடியும் தூங்குகிற மாதிரி நடிக்கவா?

மாசியில் மார்பு வலி தாங்க முடியாமல் போனது. புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தில் வண்டியை ஆலங்காயத்தில் நிறுத்திவிட்டு வாணியம்பாடிக்குப் பஸ் ஏறினான். டாக்டர் அம்மா சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். பட்டையை எடுத்துக் கொடுத்தான்.

"இத ஒரு நாளைக்கு ரெண்டா? யார் சொன்னது?"

"யாரும் சொல்லலங்க. கேக்கலன்னு நானாத்தான்."

"குழந்தைக்கு முயற்சி பண்றீங்களா?"

"அதுக்குத்தாங்க முடியே வளக்குறேன்."

டாக்டருக்கு விளங்கவில்லை. அவன் வேண்டுதலைச் சொன்னான், பையைச் சொன்னான், அம்மாவைச் சொன்னான். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். சிரிக்கவில்லை.

"இந்த மாத்திரை சில பேருக்கு ஆசையக் குறைக்கும். விந்தும் குறையலாம், மார்பு வீங்கலாம், மனசும் சோர்ந்து போகலாம். எல்லாருக்கும் அப்படி ஆகாது, ஆனா உங்களுக்கு ஆகியிருக்கு. உடனே நிறுத்துங்க. பெரும்பாலும் மெல்ல சரியாயிடும். குழந்தை இல்லாததுக்கு இது ஒன்னுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு பேரையும் பாக்கணும். வீட்ல கூட்டிக்கிட்டு வாங்க."

வீட்டில் ஆள் இல்லை என்று அவன் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான். குழந்தைக்கு முடி, முடிக்கு மாத்திரை, மாத்திரைக்குக் குழந்தை. தன் கையாலேயே தன் வீட்டுக்குத் தீ வைத்திருக்கிறான். வேடியப்பன் பாட்டுக்கு மலைமேல் கல்லாக நின்றுகொண்டிருக்கிறார், அவர் எதையும் தள்ளவில்லை. நாலு பேர் பார்க்கிறார்களே என்று துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதான்.

ஆலங்காயத்தில் இறங்கியதும் நேராக சலூனுக்குப் போனான். முழுக்க எடுத்துவிடச் சொன்னான். சலூன்காரர் கொண்டையைப் பார்த்தார். "வேண்டுதல் முடி மாரி கீது. கோயில்லதான எறக்கணும்?" என்றார். "எறக்குண்ணா" என்றான். முடி தரையில் விழுந்தது. ஒரு பையன் வந்து மற்றவர்கள் முடியோடு சேர்த்துப் பெருக்கி மூலையில் தள்ளினான். அதைப் பார்த்ததும் நெஞ்சில் இருந்த ஏதோ ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. செவ்வந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, காலில் விழவேண்டுமென்றால் விழுந்துவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டான். இவ்வளவு நாளில் முதல்முறையாகப் பசித்தது. பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, டூல்ஸ் பெட்டியிலிருந்து பாட்டிலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு காவலூர் பக்கம் வண்டியை விட்டான். அவள் ஊர் அங்கிருந்து கொஞ்சம் உள்ளே.

வீட்டு முன்னால் புளி கொட்டி வைத்திருந்தார்கள். செவ்வந்தி குந்தி உட்கார்ந்து, கட்டையால் தட்டிக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா குப்பன்தான் முதலில் பார்த்தார். மொட்டைத் தலையைப் பார்த்ததும் முகம் மாறி எழுந்து வந்தார்.

"இன்னா மாப்ள, சம்பந்திக்கு எதுனா ஆயிட்ச்சா? ஒரு சொல் சொல்லி அனுப்பலயே."

"அம்மா நல்லாத்தாங்க கீது."

குப்பன் நின்ற இடத்தில் நின்றார். சாவு இல்லையென்றால் அந்தத் தலை மழிக்கப்பட வேறு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது அந்த மலைக்கே தெரியும். செவ்வந்தியின் கட்டை நின்றுவிட்டது. அவள் நிமிர்ந்து அவன் தலையையே பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"ஆம்பளப் புள்ளயா, பொட்டப் புள்ளயா?" என்றாள்.

"யாருக்கு?"

"ஆலங்காயத்துல."

அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் புளி ஓட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "அய்யோ, அப்டி யாருமே இல்ல செவ்வந்தி" என்றான். பட்டையை எடுத்தான், பாட்டிலை எடுத்தான், டாக்டர் சொன்னதைச் சொன்னான். மாமனார் காது கேட்கச் சொல்லக்கூடாததையும் சொன்னான். குப்பன் பாதியிலேயே தலையைக் குனிந்துகொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

செவ்வந்தி பாட்டிலின் மூடியைத் திறந்து மோந்தாள். கண் மூடிக்கொண்டது. மூடியைத் திருப்பி இறுக்கமாக மூடினாள்.

"இந்த வாசனைக்கு ஒரு பொம்பளைய நெனச்சி வெச்சிருந்தேன். எப்டி இருப்பா, இன்னா பொடவ கட்டுவா, எல்லாம் நெனச்சிட்டேன். அவகிட்ட தோத்துட்டேன்னு ஒரு மாரி மனச தேத்திக்கினேன்." அவள் குரல் உடையவில்லை. "கடசில இதுக்கா? கொட்டுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இருக்கிறத எறக்குனா போதும், சாமி எண்ணியா பாக்கப்போவுதுன்னு நானே சொல்லியிருப்பேனே."

"ஒன்ன அனுப்பிடுவாங்கன்னு பயந்துதான்…"

"அனுப்பல. நானா வந்தேன்."

மாசி வெயில் மழித்த தலையில் நேராக விழுந்தது. அவள் எழுந்து உள்ளே போய் அப்பாவின் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

"தலையில போட்டுக்கினு போ. புதுத் தோலு, சுட்டுடும்."

"நீ வர்லியா?"

அவள் உட்கார்ந்து கட்டையை எடுத்தாள். அவள் தட்டத் தட்டப் புளியங்கொட்டைகள் தெறித்து விழுந்தன. அவன் கேட்டது காதில் விழாத மாதிரியே இருந்தாள், ஒரு வருஷம் அவன் அவள் பக்கத்தில் படுத்திருந்த மாதிரியே.