மாற்ற மறந்த எண்

"கரண்ட்டை நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்று, அலுவலகமே பார்க்க எலெக்ட்ரீஷியனை வாங்கு வாங்கென்று வாங்கினார் நெட்வொர்க் இன்ஜினியர்.

கரண்ட் வந்தபின் ரவுட்டர், சேமித்த அமைப்பையெல்லாம் மறந்து பேந்தப் பேந்த விழித்தது. இன்ஜினியர் லேப்டாப்பைச் செருகி, எந்தத் தொடக்க எண்ணை வைத்துக் கிளம்பினாய் என்று ரவுட்டரிடம் கேட்டார். 2142 என்றது திரை. போன மாதம் பாஸ்வேர்டைத் தொலைத்துவிட்டு, பழைய அமைப்பைப் படிக்காமலே கிளம்பு என்று அந்த எண்ணைக் கொடுத்தவர் அவரேதான். வேலை முடிந்ததும், சேமித்த அமைப்பைப் படிக்கச் சொல்லும் வழக்கமான 2102க்கு மாற்ற மறந்திருந்தார்.

பின்னாலிருந்து எலெக்ட்ரீஷியன் சொன்னார்: "என் தப்புதான் சார். இனிமே கேட்டுட்டே நிறுத்துறேன்."

இன்ஜினியர் அவசரமாக எண்ணைத் திருத்தினார். காதெல்லாம் சுட்டது.

"சரி, பரவால்ல" என்று திரும்பாமலே அவரை மன்னித்தார்.