உங்கள் கோரிக்கைகள் மிக அதிகம்

மறுநாள் லோடு இறக்க யார் யார் வரவேண்டும் என்று முன்பெல்லாம் மேஸ்திரி விரலை நீட்டிச் சொல்வார். என் முட்டி வீங்கிய பிறகு அந்த விரல் என் பக்கம் திரும்பியதே இல்லை. என் மச்சினன் கிடங்குக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்த பிறகுதான் எனக்கும் வேலை வந்தது. சாயங்காலம் சங்கு ஊதுவதற்குள் போனில் ‘வருகிறேன்’ என்பதை அழுத்தவேண்டும். முந்தியவருக்கு இடம்.

ஒருநாள் அழுத்தினோம், பேர் ஏறவில்லை. வெள்ளைப் பக்கத்தில் ஏதோ ஒரு வரி வந்து நின்றது. சும்மா விடுவோமா? நின்றுபோன லாரியைத் தள்ளுகிற மாதிரி ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து அழுத்தினோம். திரும்பவும் அதே வரி. அந்தப் பொடி எழுத்தைப் படிக்க யாரும் மெனக்கெடவில்லை. வயசான பிறகு எழுத்து கற்றவனுக்குக் கண்டதையெல்லாம் படிப்பது ஒரு வியாதி. நான்தான் உரக்கப் படித்தேன்.

“உங்கள் கோரிக்கைகள் மிக அதிகம். பிறகு வாருங்கள்.”

ஷெட் கொதித்துப்போனது. குடிக்கத் தண்ணீரும் ஒரு ஃபேனும் கேட்டுப் போன வாரம்தான் சங்கம் மூலம் கோரிக்கை வைத்திருந்தோம். ‘மைக்கு’ என்று நாங்கள் கூப்பிடும் சங்கச் செயலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

“கேட்டதே ரெண்டுதான். அதுவே அதிகமாம். வாங்கடா, மேனேஜர்கிட்டயே கேப்போம்.”

மேஸ்திரி கதவில் சாய்ந்து சிரித்தார். சங்கு ஊதியும் பேர் ஏறாவிட்டால் பழையபடி தானே ஆள் பொறுக்கப் போவதாகச் சொன்னார். இந்த மெஷின் விளையாட்டுக்கு இன்றோடு முழுக்காம். சொல்லும்போது அவர் கண் என் முட்டியில் இருந்தது. மைக்கை ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு மச்சினனைப் போனில் பிடித்தேன்.

சர்வர் படுத்திருக்கும் என்று அவன் அதை நிறுத்தித் திரும்பக் கிளப்பினான். ஒன்றும் ஆகவில்லை. தன் வீட்டில் நன்றாகத்தான் திறக்கிறது என்றான். அப்புறம்தான் கேட்டான், எல்லோரும் எந்த வைஃபை என்று. ஷெட் வைஃபைதான், வேறென்ன. திரையில் வந்ததைப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“மாமா, அது உங்க சங்கத்துக் கோரிக்கை இல்ல. நீங்க ஒரு தடவை அழுத்தினா சர்வருக்கு அது ஒரு கோரிக்கை. எவனோ வெளியாளு தொந்தரவு பண்றான்னு, ஒரு ஆளு இத்தனை தடவைதான் அழுத்தலாம்னு நேத்துதான் ஒரு அளவு வச்சேன். நீங்க எல்லாரும் ஒரே வைஃபையில வர்றதால, அத்தனை பேரையும் ஒரே ஆளுன்னு நினைச்சுடுச்சு.”

“பரவாயில்லையே,” என்றார் மைக்கு. “நாங்க எல்லாம் ஒரே ஆளுன்னு சங்கத்துல எங்களாலேயே நம்ப முடியல.”

அளவை மாற்றும்வரை யாரும் அழுத்தக் கூடாது, அழுத்த அழுத்தத் தடை நீளும் என்றான். அதுதான் பெரிய பாடு. பக்கத்தில் இருப்பவன் முந்திவிடுவானோ என்று ஒருவன் கையை ஒருவன் பார்த்தான். மைக்கு எல்லோரையும் போனைக் கவிழ்த்து மூட்டைமேல் வைக்கச் சொன்னார். வைத்தார்கள், ஆனால் விரலை எடுக்கவில்லை. ஒருவன் மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினான், நாலு பேர் பாய்ந்தார்கள். மேஸ்திரி சங்கு ஊதுகிறவனை எட்டி எட்டிப் பார்த்தார். நான் ஸ்பீக்கரைக் காதில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்கு ஒரு தரம் “ஆச்சா, ஆச்சா” என்றேன்.

“ஆச்சு. அழுத்தச் சொல்லுங்க.”

சொன்னேன். “ஏறிடுச்சு, ஏறிடுச்சு” என்று ஷெட் முழுக்கக் குரல். மேஸ்திரி வெளியே போனார். நான் பேசிக்கொண்டிருந்த போனில் அந்த வெப்சைட்டுக்கு எப்படிப் போவதென்று எனக்குத் தெரியவில்லை. தடவித் தடவிப் போய்ச் சேர்ந்தபோது வேறொரு வரி இருந்தது. ‘நாளைக்கு இடம் நிரம்பிவிட்டது.’

மச்சினன் இன்னும் லைனில் இருந்தான். “மாமா, உங்க பேரு ஏறிச்சா?”

“எல்லாருக்கும் ஏறிடுச்சுடா,” என்றேன். “நாளைக்கும் இதே அளவுல விட்டு வை. யார் சொன்னாலும் மாத்தாதே.”