லில்லிக்குட்டியின் நம்பர்

அமெரிக்காவிலிருந்து தம்பி கொண்டுவந்த போனை லில்லிக்குட்டி நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிம் போடுவதற்கு அதில் இடமே இல்லை.

“இதென்ன மக்கா, வாயே இல்லாத்த போனா இருக்கு?”

ரெனில் சிரித்தான். அவன் ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். அக்காள் மகள் ரினியின் முதல் குர்பானைக்காக, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழாவுக்காக, எட்டு வருஷம் கழித்துப் பொழியூருக்கு வந்திருந்தான். இரண்டு வார லீவு. அங்கே இப்போது விற்கிற போன்களில் சிம் அட்டை செருகுவதில்லை, நம்பரைக் கம்பெனிக்காரர்களே போனுக்குள் ஏற்றிவிடுவார்கள், அதற்கு இ-சிம் என்று பேர் என்று அக்காளுக்கு விளக்கினான்.

அவனுடைய கஷ்டம் இதுதான். அமெரிக்க நம்பரில் இங்கிருந்து பேசினால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு டாலர் பிடித்துக்கொள்வார்கள். டாக்சி கூப்பிடுவதற்கும் கடையில் பணம் கட்டுவதற்கும் இங்கத்து நம்பர் வேண்டும். பாறசாலையில் ஒரு போன் கடையில் போய்ப் புது நம்பர் கேட்டான். காகிதங்களை வாங்கிப் பார்த்த கடைக்காரர், நாளைக்கு வாருங்கள் என்றார். வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு ஊரில் எல்லாவற்றுக்கும் பொறுமை உண்டு, நாளைக்கு என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும் கிடையாது.

“ஒனக்க நம்பர எனக்க போனுல மாத்திக்கிடுதேன் அக்கா. ரெண்டு வாரம்தானே. போவும்போ திருப்பி மாத்தித் தாறேன்.”

“அப்ப எனக்க போனு?”

“அது அதுவர வேலை செய்யாது.”

லில்லிக்குட்டி தயங்கினாள். அவளுடையது பழைய பட்டன் போன்தான். ஆனால் அந்த நம்பருக்கு ஒரு வேலை இருந்தது. பொழியூர்க் கரையைக் கடல் வருஷாவருஷம் தின்றுகொண்டிருக்கிறது. வள்ளம் என்கிற மீன்பிடிப் படகைக் கரையேற்றுவதற்கு மிச்சமிருப்பது சின்ன மணல் திட்டு. வெளிக்கடலில் கிடக்கிறவர்களுக்குக் கரையோரத்து அலை எப்படி அடிக்கிறது என்று தெரியாது. அதனால் திரும்புவதற்கு முன் வீட்டுக்குப் போன் செய்து கேட்பார்கள். பெண்கள் மணலில் போய் நின்று பார்த்து, வரலாம் என்றோ, இங்கே வேண்டாம், விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு விடுங்கள் என்றோ சொல்வார்கள். கிளீட்டஸின் வள்ளத்துக்குப் பதினைந்து வருஷமாக அப்படிச் சொல்லி வருகிறவள் அவன் மனைவி லில்லிக்குட்டி.

“இது கடலுல போறவிய விளிக்குத நம்பராக்கும் மக்கா.”

“அத்தான் விளிச்சா நான் ஓடி வந்து ஒனக்க கையில தரமாட்டனா? என்ன அக்கா நீ.”

ஆசையாக வந்த தம்பி. அவனிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. போனில் வந்த ஓ.டி.பி.யை ஒவ்வொரு எண்ணாக வாசித்துக் கொடுத்தாள். நம்பர் மாறிவிட்டது. பழைய சிம்மைக் கழற்றி, இனி இது வெறும் பிளாஸ்டிக் என்று ரெனில் குப்பையில் போட்டான். அவள் சேர்த்து வைத்திருந்த நம்பர்களெல்லாம் அதில்தான் இருந்தன. அவன் கேட்கவில்லை, அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

எட்டு நாள் ஒரு குறையும் இல்லை. கிளீட்டஸின் நம்பர் ரெனிலின் போனில் பேரோடு இருந்தது. மணி அடித்ததும் கொண்டுபோய் அக்காளிடம் கொடுத்தான். ஆனால் அந்தப் போனில் ஒரு ஏற்பாடு இருந்தது. ஹூஸ்டனில் கார் இன்சூரன்ஸ், கடன், லாட்டரி என்று நாள் முழுக்க யார் யாரோ கூப்பிட்டுத் தொல்லை செய்கிறார்கள் என்று, பேர் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் மணி அடிக்காதபடி எப்போதோ மாற்றி வைத்திருந்தான். ஊருக்கு வந்தபின் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

புதன்கிழமை பழைய பள்ளிக்கூடத் தோழன் பிபினின் காரில் கள்ளிக்காட்டுக்குப் போய் நெய்யாறு அணையைப் பார்த்தான். கிளீட்டஸ் கூப்பிட்டால் போனை அக்காளிடம் எப்படிக் கொடுப்பது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அணையில் தண்ணீர் ததும்பி நின்றது. போனை உயர்த்திப் பிடித்து ஹூஸ்டனில் இருக்கும் மனைவிக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தபோது திரையின் மேலே ஏதோ ஒரு நம்பர் வந்தது. விரலால் தள்ளினான். மறுபடி வந்தது, மறுபடி தள்ளினான்.

“ஆருலே அது?” என்று பிபின் கேட்டான்.

“இங்கயும் லோன்காரனுவ விட மாட்டானுவ போல.”

அப்புறம் இன்னொரு நம்பர் வந்தது. அதையும் தள்ளிவிட்டு, இருவரும் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிடப் போனார்கள்.

சாயங்காலம் பொழியூர் திரும்பியபோது கரையில் கூட்டம் நின்றது. கிளீட்டஸின் வள்ளம் இரண்டு துண்டாகக் கிடந்தது. வெளியே கடல் அமைதியாக இருக்க, கரையில் மட்டும் திடீரென்று ஆள் உயரத்துக்கு அலை எழும்புவதுண்டு. கள்ளக்கடல் என்பார்கள். அன்றைக்கு மத்தியானம் அதுதான் வந்திருந்தது. வள்ளத்தில் கிளீட்டஸும் அவன் கூட்டாளி சஜனும் மட்டும். சஜன் நெற்றி கிழிந்து நீந்திக் கரையேறினான். கிளீட்டஸின் தலை எஞ்சினில் மோதி, நினைவில்லாமல் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

அலை எழும்பியதுமே லில்லிக்குட்டி பக்கத்து வீட்டுப் புஷ்பபாயின் போனை வாங்கிக் கணவனைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் போன் அணைந்து கிடந்தது. சஜனைக் கூப்பிடலாமென்றால் அவன் நம்பர் குப்பைக்குப் போன சிம்மில் இருந்தது. வள்ளத்திலிருந்து அங்கே கூப்பிட்டிருப்பார்களோ என்று தன் நம்பருக்கே மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். சஜனின் நம்பர் கேட்டு அவன் மனைவி ரெஜிலாவைத் தேடி ஆள் ஓடுவதற்குள் வள்ளம் அலைக்குள் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் தம்பியைப் பார்த்ததும் கேட்டாள்.

“நீ ஏம்லே எடுக்கல?”

ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பான். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னான்.

“கள்ளிக்காட்டுல ரேஞ்சே இல்ல அக்கா.”

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. ரெனில் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனைத் திறந்தான். ஒரே நம்பரிலிருந்து ஏழு அழைப்புகள். இன்னொரு நம்பரிலிருந்து மூன்று, அது புஷ்பபாயுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொன்றாக அழித்தான். பத்தும் போனபின் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தான்.

அவன் சொன்ன பொய் அதோடு நிற்கவில்லை. அது சஜனின் தலையில் போய் விடிந்தது. கிளீட்டஸின் போன் நனைந்து அணைந்துவிட்டதால் தன் போனிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டதாகவும், ரிங் போனதாகவும், யாரும் எடுக்கவில்லை என்றும் சஜன் சொன்னான். ரேஞ்சே இல்லாத போனில் ரிங் எப்படிப் போகும் என்று கரையில் கேட்டார்கள். காட்டுவதற்கு அவனுடைய போன் கடலுக்கடியில் கிடந்தது. கரையைக் கேட்காமல் வள்ளத்தை ஏற்றிக் கூட்டாளியைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன், பொய்யும் சொல்கிறவன் என்று பேச்சானது. இனி சஜனை யாரும் வள்ளத்தில் ஏற்ற மாட்டோம் என்று முடிவாகவே சொல்லிவிட்டார்கள். இருபது வருஷம் கடலில் உழைத்தவன், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன்.

ரெனிலுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விமானம். ஏறிவிட்டால் தீர்ந்தது என்று ஒரு மனசு சொன்னது. ஏறினாலும் தீராது என்று இன்னொரு மனசு சொன்னது. போன் சட்டைப் பையில் இருப்பதே அவனுக்கு உறுத்தியது, எடுத்துப் பார்க்கவும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சஜன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். நெற்றியில் தையல், கையில் கட்டு. ரெஜிலாவும் கூட வந்திருந்தாள். தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சில் லில்லிக்குட்டியும் ரெனிலும் இருந்தார்கள். உயிருக்குப் பயமில்லை, கண் திறக்க நாளாகும், இனி கடலுக்குப் போவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“எதுக்குலே வந்த? அவிய செத்தாச்சான்னு பாக்கவா?” என்றாள் லில்லிக்குட்டி.

“அக்கா, எனக்க பிள்ளைகளாணை சொல்லுதேன். ஏழு தடவ விளிச்சேன். ரிங்கு போச்சு. நீ எடுக்கல. கடலு மோசமா இருந்தா லில்லி ஒனக்க போனுல விளிக்காம இருக்க மாட்டா, தைரியமா விடுலேன்னு அண்ணன்தான் சொன்னாரு.”

“அவிய பேச முடியாம கெடக்குத நேரம் பாத்து அவிய மேலயே பழியப் போடுதியா?”

ரெஜிலா அழத் தொடங்கினாள். சஜன் ரெனில் பக்கம் திரும்பினான். அவன் கண்ணில் கோபமோ சந்தேகமோ இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

“தம்பி, நீ படிச்சவனாச்சே. நீ சொன்னா அக்கா கேக்கும். செல நேரம் ரேஞ்சு இல்லாட்டியும் ரிங்கு போற மாதிரி கேக்கும், இல்லியா?”

கேக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சஜன் பொய்யனில்லை என்றாகிவிடும், ரெனிலும் தப்பித்துவிடலாம், அமெரிக்காக்காரன் சொன்னதை ஊர் ஒத்துக்கொள்ளும். அந்த வார்த்தை அவன் நாக்கின் நுனி வரை வந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். தன்னால் கெட்டுப்போனவனே தனக்குத் தப்பிக்க வழி காட்டுகிறானே என்று நினைத்ததும் வெட்கத்தில் உடம்பு கூசியது.

“ரேஞ்சு இருந்தது அக்கா,” என்றான்.

லில்லிக்குட்டி புரியாமல் பார்த்தாள்.

“சஜன் அண்ணன் விளிச்சது ஏழு. புஷ்பபாய் போனுல நீ விளிச்சது மூணு. பத்தும் வந்தது. தெரியாத நம்பருன்னா எனக்க போனு மணி அடிக்காது. நான்தான் அப்பிடி வச்சிருந்தேன். ஆனா கொஞ்சம் நம்பர கண்ணாலயே பாத்தேன் அக்கா. லோன்காரன்னு நெனச்சுத் தள்ளிவிட்டேன். பொறவு ஆருக்கும் தெரியப்படாதுன்னு பத்தையும் அழிச்சேன்.”

லில்லிக்குட்டி அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அப்படிச் செய்திருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். எழுந்து போய்ச் சஜனின் கையைப் பிடித்து, தான் இருந்த இடத்தில் அவனை உட்கார வைத்தாள்.

“பொறுத்துக்க மக்கா. ஒன்னயப் பாத்து என்னெல்லாமோ சொல்லிப் போட்டேன்,” என்று அவனிடம் சொன்னாள். சஜன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

“அக்கா, நான் டிக்கெட்ட மாத்துதேன். அத்தான் எழும்புத வர இங்க நிக்கேன்,” என்றான் ரெனில்.

“நிக்கிறதும் போறதும் ஒனக்க இஷ்டம். மொதல்ல கரைக்குப் போ. இவன பொய்யன்னு சொன்ன அத்தன பேருக்க முன்னாலயும் இவன் கூட நின்னு, இப்ப சொன்னத அப்பிடியே சொல்லு.”

அவன் தலையாட்டிவிட்டு எழுந்தான். லில்லிக்குட்டி அவனை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“ஒண்ணு மனசுல வச்சுக்க. ஆபத்துல கெடக்குதவன் தனக்க போனுல இருந்தா விளிப்பான்? கையில கெடச்ச போனுல இருந்துதான் விளிப்பான். அடுத்தவனுக்க நம்பர கையில வாங்குனா, அவனுக்க ஆபத்தயும் சேத்து வாங்குனதாக்கும். அது தெரியாம நீ வாங்கிட்ட, நானும் தெரியாம தந்துட்டேன். அத நான் பொறுத்துக்கிடுவேன். ஒனக்க போனு சத்தம் போடாம இருந்தது ஒரு மத்தியானம்தான் மக்கா. நீ சத்தம் போடாம இருந்தது மூணு நாளு. அதப் பொறுக்க வேண்டியது நானில்ல, இவனாக்கும்.”