பெய்ஷெனின் கறுப்பு வெள்ளைக் கயிறு

அறுபது வயது நிறைந்த அன்று பெய்ஷெனை வீட்டின் மேலிடத்தில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவே விடவில்லை.

வாசலுக்கு நேர் எதிரே, மெத்தைகள் அடுக்கிய சுவரின் முன்னால் இருக்கும் இடம் அது. அங்கே உட்கார்ந்த மூத்தவர் எதற்காகவும் கை நீட்டக் கூடாது. தேநீர்க் கிண்ணம் தானே வரும். தலையணை தானே வரும். நரின் பள்ளத்தாக்கில் பெய்ஷெனின் குடும்பம் மரியாதையில் எவருக்கும் குறைந்ததல்ல. ஆகவே எல்லாம் வந்துகொண்டே இருந்தன. அவர் போவது மட்டும் நின்றுவிட்டது.

அவருக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். பாதங்கள் உள்ளே திரும்பியிருக்கும், முழங்கால்கள் ஒன்றையொன்று உரசும். குழந்தையாக இருந்தபோது அப்பா அவரைத் தூக்கிக் குதிரைமேல் வைத்தார். குதிரை நடக்க நடக்க விறைத்திருந்த இடுப்பு இளகியது. ஏழு வயதில் தரையில் நின்றார். பெரியவனாகி, அதே ஊரில் குதிரையில் போய்த் தபால் கொடுத்தார். தினமும் காலையில் ஓடைவரை நடை. மாலையில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கால்களை நீட்டி மடக்குவது. பனி கொட்டினாலும் அதை விட்டதில்லை. சும்மா விட்டால் அந்தக் கால்கள் விறகாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

மேலிடம் ஒரே குளிர்காலத்தில் அதைச் செய்து முடித்தது. பனி உருகியபோது, சுவரைப் பிடிக்காமல் அவரால் எழ முடியவில்லை.

“அப்பா, எங்க எழுந்து போறீங்க?” என்றான் மகன் தலாய்.

“ஓடைக்கு.”

“ஓடையை இங்க கொண்டு வரச் சொல்றேன். நீங்க உட்காருங்க.”

சொன்னபடியே மருமகள் அய்சல்கின் ஒரு வாளி ஓடைத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பெய்ஷென் வாளியைப் பார்த்தார். வாளி எங்கும் ஓடவில்லை.

“நீங்க தெருவுல தடுமாறி விழுந்தா ஊர் என்ன பேசும்? ‘பெத்தவனை உட்கார வெச்சு சோறு போடத் துப்பில்லாதவன்’னு என்னைத்தான் காறித் துப்பும். பாப்பாவோட விருந்து முடியட்டும், வாசல்ல நிக்கற உங்க குதிரையையும் மலைமேல மேய்ச்சலுக்கு அனுப்பிடறேன். அதைப் பார்த்தாத்தான் உங்களுக்குக் கால் பரபரங்குது.”

பெய்ஷென் மறுபடி உட்கார்ந்தார். பெற்ற மகனிடம் கெஞ்சுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆனால் குதிரையும் போய்விட்டால், அடுத்த குளிர்காலத்துக்குள் தன்னை மெத்தைகளோடு சேர்த்து அடுக்கிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெளிவாகப் புரிந்தது.

விருந்து அவர் பேத்திக்கு. நடக்கத் தொடங்கிய குழந்தையின் கணுக்கால்களில் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு கட்டுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஓட்டப்பந்தயம் ஓடிவருவார்கள். முதலில் வருகிறவன் கத்தியை வாங்கிக் கயிற்றை அறுப்பான். அதன் பிறகுதான் குழந்தைக்கு நடை கூடும்.

விருந்துக்கு முதல்நாளே வந்துவிட்ட பெய்ஷெனின் அக்கா புருல், முதுகு வளையாமல் உட்கார்ந்து அந்தக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டியும் அவள் எதிலும் சாய்ந்து உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

“அக்கா, எனக்கு யாரு கயிறு அறுத்தது?”

புருலின் விரல்கள் நின்றன.

“எதுக்குடா இப்ப அது?”

“சும்மாதான்.”

“ஒரு வயசுல நீ நடக்கல. ரெண்டுலயும் நடக்கல. அப்பா ‘நடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’னார். நீ நடக்கறப்போ பள்ளிக்கூடம் போற வயசு. அப்பக் கட்டினா ஊர் சிரிக்கும்னு விட்டுட்டோம்.”

“அப்ப அறுக்கவே இல்ல?”

“மெதுவாப் பேசுடா!”

மறுநாள் விருந்தினர் நிறைந்த வீட்டில் பெய்ஷென் சுவரைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து, வாசலோரம் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்.

“அப்பா, உங்க இடம் அங்க!” என்று பதறினான் தலாய்.

“கயிறு அறுக்காதவன் கைக்குழந்தை. எனக்கு இன்னும் அறுக்கல, அத்தைகிட்டக் கேட்டுப் பாரு. கைக்குழந்தையை மேலிடத்துல உட்கார வெச்ச குடும்பம்னு நமக்குப் பேர் வரலாமா?”

வெள்ளைத்தாடிப் பெரியவர்கள் கிண்ணங்களைக் கீழே வைத்தார்கள். இது விளையாட்டு விஷயமல்ல.

“அப்ப இவன் கல்யாணம் செல்லுமா?” என்றார் ஊரிலேயே மூத்தவரான ஷாமென்.

“போன வருஷம் என் ஆட்டை அறுக்கறப்போ இவன்தானே துவா ஓதினான்? அந்தக் கறி முழுக்கத் தின்னு தீர்த்தாச்சே!” என்றார் இன்னொருவர்.

“என் தம்பி கல்யாணத்தைப் பத்திப் பேசறவன் முதல்ல வாயில எத்தனை பல்லு மிச்சம்னு எண்ணிக்கட்டும்!” என்றாள் புருல். “விட்டுப்போச்சு, அவ்வளவுதான். இன்னைக்கே அறுத்துடலாம். குடும்ப மானம் நிக்கட்டும்.”

பேத்திக்குக் குழந்தைகள் ஓடினார்கள். அவள் கயிறு அறுந்தது. பெய்ஷெனுக்கு அவர் வயதுக்காரர்கள்தானே ஓட வேண்டும்? பெரியவர்கள் தெருக்கோடி பாப்ளார் மரத்தடிக்குப் போய் வரிசையாக நின்றார்கள். ஷாமெனை விட்டுவிட்டு ஓடுவது அவமரியாதை என்பதால் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். புருல் இன்னொரு கயிறு முறுக்கி, வீட்டு வாசலில் நின்ற தம்பியின் கணுக்கால்களில் கட்டி, கையில் கத்தியோடு பக்கத்தில் நின்றாள்.

“ஓடுங்க!” என்று தலாய் கத்தினான்.

யாரும் ஓடவில்லை. ஷாமெனை முந்துவது முறையல்ல.

“நீங்க முன்னால போங்க, பெரியவரே.”

“நீ ஓடு தம்பி, வாலிபன்.”

“ஐயோ, உங்களுக்கு முன்னாலயா!”

ஷாமென் நாலடி நடந்தார். எல்லாரும் நாலடி நடந்தார்கள். வேலியோரம் கட்டியிருந்த பசுவைப் பார்த்து ஷாமென் நின்று, அது எப்போது கன்று போட்டது என்று விசாரித்தார். பந்தயமே நின்று விசாரித்தது.

பெய்ஷெனுக்கு இடுப்பு வலித்தது. நடப்பதைவிட நிற்பதுதான் அவருக்குக் கஷ்டம். வாசலில் சாத்தியிருந்த தன் பழைய கைத்தடியை எடுத்து ஊன்றி ஒரு காலை நகர்த்தினார். முழங்கால்கள் உரசின, கயிறு இழுத்தது, அடி சிறியதாக விழுந்தது. அவருடைய அடி எப்போதும் அப்படித்தான். அந்த ஊரில் வேறு யார் காலைக் கட்டியிருந்தாலும் குப்புற விழுந்திருப்பார்கள். பெய்ஷெனுக்கு அது பழகிய நடை. முதல் சில அடிகள் விறகு போல முனகின. பிறகு கால்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டன.

பசுவுக்குப் பக்கத்தில் பந்தயத்தைச் சந்தித்தார்.

“எங்கப்பா கிளம்பிட்ட?” என்றார் ஷாமென்.

“ஓடைக்கு.”

கயிறு அறுக்க வேண்டிய கால் எதிர்த்திசையில் போகிறது. பெரியவர்கள் திரும்பி அதைத் துரத்தினார்கள், ஷாமெனை முந்தாமல். கத்தியோடு புருல், தலையில் கைவைத்தபடி தலாய், நாய்கள், விருந்தினர் எல்லாரும் பின்னால் வந்தார்கள். பாப்ளார் மரத்தைத் தாண்டி ஓடைக்கரைக் கல்லைப் பிடித்துக்கொண்டு பெய்ஷென் நின்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

முறைப்படி ஷாமென்தான் முதலில் வந்துசேர்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு கத்திக்குக் கை நீட்டினார்.

“காலைக் காட்டுங்க அப்பா, அறுத்துடலாம்,” என்றான் தலாய்.

“அறுத்தா நான் யாரு?”

“பெரிய மனுஷன்.”

“பெரிய மனுஷன் எங்க உட்காரணும்?”

தலாய் கயிற்றைப் பிடிக்கக் குனிந்தான். சுவரைப் பிடித்து எழுந்த அப்பாவையும், இங்கே நிற்கிற அப்பாவையும் மாறி மாறி நினைத்திருக்க வேண்டும். கையை எடுத்துக்கொண்டான்.

புருல் கத்தியை உறையில் போட்டாள்.

“என் தம்பி இன்னும் நடை பழகறான். எதுக்கு அவசரம்? நடை பழகற பிள்ளையைப் பிடிச்சு உட்கார வெச்சாங்கங்கிற பேர் நம்ம வீட்டுக்கு இதுவரைக்கும் இல்ல. தலாய், உன் காலத்துல வரக் கூடாது.”

“அப்ப குதிரை?”

“குழந்தைக்குக் குதிரை இல்லாம எப்படிடா?”

கயிற்றை அறுக்காமல் உருவி பெய்ஷெனின் கோட்டுப் பையில் வைத்தார்கள். யாராவது அவரை எழவேண்டாம் என்றால் அதை எடுத்துக் காட்டுவார்.

அன்று விருந்து தொடர்ந்தது. முறை என்று ஒன்று இருக்கிறதே: கயிறு அறுபட்டவள் பேத்தி, அறுபடாதவர் தாத்தா. இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பதில் பெரியவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பேத்தியை மேலிடத்தில் மூன்று தலையணைகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். வாசலோரம் இருந்த பெய்ஷென், கதவு நிலையைப் பிடித்து எழுந்து, அவளுக்கு ரொட்டி கொண்டுபோனார். வழியில் யாரும் கையைப் பிடிக்கவில்லை. அவள் ரொட்டியைக் கீழே எறிந்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

வாசலுக்கும் மேலிடத்துக்கும் நல்ல தூரம். பெய்ஷென் திரும்பி நடந்தார்.